வெள்ளம் வடியும்வரை: மனநல வார்டில் என்னதான் நடக்கிறது?

எங்கள் பக்கம் பிள்ளைகள் அடங்காமல் ஆடினால் பெரியவர்கள் ஒரு மிரட்டல் வைத்திருப்பார்கள்: "உன்னைக் கீழ்ப்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் பார்." கோயம்புத்தூரிலிருந்து கீழ்ப்பாக்கம் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மிரட்டுகிறவர்களில் அநேகம் பேர் அந்த மருத்துவமனையின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை, ஊர் வாயில் வசைச்சொல்லாகிவிட்டது. அதே வாயில் ஏர்வாடி தர்கா வரும், குணசீலம் கோயில் வரும், குடியை நிறுத்தும் இல்லம் வரும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

இதனால் வரும் நட்டம் பெரியது. வீட்டில் ஒருவருக்கு மனம் நிலைகுலையும்போது, "ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா? அவ்வளவு முற்றிவிட்டதா?" என்று பங்காளிகள் பேசிப் பேசியே இரண்டு வாரம் ஓடிவிடும். என் பெரியம்மா மகனுக்கு அப்படித்தான் ஓடியது. பிறகு அவருக்குத் துணையாகப் பதினாறு நாள் ஒரு மனநல வார்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகும்முன் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆற்றங்கரைக்குப் போவோம்

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டால் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரத் தெருக்களில் காவிரி புகுந்துவிடும். அதிகாரிகள் ஒலிபெருக்கியோடு வருவார்கள். கரையோரக் குடும்பங்களை மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ தங்கவைப்பார்கள். சோறு, பாய், போர்வை, பார்த்துக்கொள்ள ஒரு டாக்டர். தண்ணீர் வடிந்ததும் அவரவர் வீட்டுக்குத் திரும்புவார்கள். மண்டபத்தில் தங்கிய குடும்பம் என்பதற்காக யாரும் பெண் கொடுக்க மறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மனநல வார்டு ஏறக்குறைய அந்த மண்டபம்தான். ஆபத்தான நாட்களைக் கடத்துவதற்கான மேடான இடம். அங்கேயே யாரும் குடியிருக்கப் போவதில்லை. வீட்டுச் சுவரில் ஊறிய ஈரமும் தரையில் படிந்த சேறும் வீடு திரும்பிய பிறகுதான் கழுவப்படும். "ஆஸ்பத்திரியில் சேர்த்தோமே, ஏன் முழுசாகக் குணமாகவில்லை?" என்று கேட்பவர்கள், மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டே வீட்டுச் சேற்றைக் கழுவச் சொல்கிறார்கள்.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைந்துபோகும். வெள்ளம் வருவது வீட்டுக்காரர் கண்ணுக்கே தெரியும். கடுமையான மனநோயில் பலருக்கு அது தெரியாது. ஊரே தப்பு, தான் மட்டும் சரி என்று தோன்றும். தனக்கு நோய் வந்திருக்கிறது என்று உணரும் திறனை நோயுணர்வு என்று வைத்துக்கொள்வோம். நோய் முற்றும்போது முதலில் மங்குவது பெரும்பாலும் அதுதான். அது பிடிவாதமும் இல்லை, திமிரும் இல்லை. வார்டைப் பற்றிய சிக்கலான சட்டமெல்லாம் இந்த ஒரு முடிச்சைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எது நெருக்கடி, எது இல்லை

மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வார்டு தேவைப்படாது. துக்கம், படபடப்பு, தூக்கக் குறைவு, மிதமான மனச்சோர்வு இவற்றுக்கெல்லாம் வெளிநோயாளர் சீட்டே போதும். உள்ளே சேர்ப்பதற்கு டாக்டர்கள் பார்ப்பது மூன்று விஷயங்களை. அவர் தன்னை மாய்த்துக்கொள்ள முயன்றாரா, அல்லது அப்படிப் பேசுகிறாரா? பிறரைத் தாக்குகிறாரா, தாக்கிவிடுவாரோ என்று அஞ்சும்படி நடக்கிறாரா? உண்ணாமல், குடிக்காமல், தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாமல் உடம்பு ஆபத்துக்குப் போகிறதா?

மூன்றாவதை நாம் எளிதாகத் தவறவிடுகிறோம். அடிதடி இருந்தால்தான் நெருக்கடி என்று ஊர் நினைக்கிறது. தோட்டத்துச் சாளையில் பத்து நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பெரியவர் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அதனாலேயே அவர் மெலிந்து உருகிப் போவது யார் கண்ணிலும் படுவதில்லை.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. நான்கு இரவாகத் தூங்காத தறிக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். களைப்பே இல்லை. பேச்சு நிற்கவில்லை. இருபது தறி வாங்க ஒரே நாளில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். "பையன் சுறுசுறுப்பாகிவிட்டான்" என்று வீட்டில் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். இதற்கு மேனியா என்று பெயர்: மூளையின் வேகம் தறிகெட்டு ஏறி, தூக்கமும் நிதானமும் கழன்றுபோகும் நிலை. இல்லாத குரல் கேட்பதும், எவ்வளவு சொன்னாலும் அசையாத பொய் நம்பிக்கை பிடித்துக்கொள்வதும் சைக்கோசிஸ் எனப்படும்.

பிள்ளை பெற்ற வீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவமான முதல் இரண்டு வாரத்துக்குள் சில பெண்களுக்குச் சைக்கோசிஸ் திடீரென்று வரும். தூக்கம் அறவே போய்விடும், சொந்தக் குழந்தையைப் பற்றியே விபரீதமான சந்தேகம் வரும். பச்சை உடம்பு, காற்று கருப்பு பட்டிருக்கும் என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். அம்மாயிமார்களுக்குப் பணிவாக ஒன்று சொல்கிறேன்: திருநீறு பூசுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை; பூசிய கையோடு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இது உயிர்ப் பிரச்சினை. முறையாகப் பார்த்தால் நன்றாகவே தேறும் நோயும்கூட.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நோயின் பெயரைவிட, இன்றைக்கு உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்ற கேள்விதான் வார்டின் கதவைத் திறக்கிறது.

எந்த வாசலில் போய் நிற்பது?

கீழ்ப்பாக்கத்துக்குப் போக வேண்டியதில்லை. கோவை, சேலம், ஈரோட்டுக்குப் பக்கத்தில் பெருந்துறை, பிறகு கரூர், நாமக்கல், திருப்பூர் என்று கொங்கு மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. நாமக்கல், திருப்பூர் கல்லூரிகள் 2022-இல் வந்தவை. மருத்துவக் கல்லூரியோடு மனநலப் பிரிவும் இருக்கும். இரவு நேரம் என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் போதும். 108 ஆம்புலன்ஸ் இதற்கும் வரும். எங்கே போவது என்றே குழப்பமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

அவசரப் பிரிவில் முதலில் ரத்தம் எடுப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், உப்புச்சத்துப் பார்ப்பார்கள். "மனசுதானே சரியில்லை, ரத்தம் எதற்கு?" என்று எங்கள் பெரியப்பா அங்கேயே சத்தம் போட்டார். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

எழுபது வயதுக்காரர் நேற்றுவரை தெளிவாக இருந்தார், இன்று யாரையும் அடையாளம் தெரியாமல் உளறுகிறார் என்றால், மனநோயைவிட உடல்நோய்க்கே வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீரில் கிருமி இருக்கலாம். உடல் கோளாறால் மூளை திடீரென்று கலங்குவதை டெலிரியம் என்கிறார்கள். எங்கள் ஊர்களில் இதன் அடிக்கடி வரும் உருவம் குடியோடு சேர்ந்தது. பல வருடம் தினமும் குடித்தவர், மாலை போட்டோ சத்தியம் செய்தோ ஒரேயடியாக நிறுத்துவார். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். "குடியை விட்டதும் பேய் பிடித்துக்கொண்டது" என்று கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அது குடியை விடுவதால் மூளையில் ஏற்படும் கொந்தளிப்பு. கவனிக்காமல் விட்டால் சாவில் முடியக்கூடியது. அவருக்குத் தேவை கண்காணிப்போடு கூடிய பொதுமருத்துவப் படுக்கை, ஊசி வழியாகத் தயமின் என்ற வைட்டமின், நடுக்கத்தை அடக்கும் மருந்து. அதனால்தான் முதலில் ரத்தம் எடுக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

நான் எதிர்பார்த்துப் போனது அலறலை. கேட்டது மின்விசிறிச் சத்தம். பொது மருத்துவமனையின் மனநல வார்டு பெரும்பாலும் மற்ற வார்டைப் போலத்தான் இருக்கிறது. கட்டில், சலைன் ஸ்டாண்ட், எவர்சில்வர் தூக்குப்போசி. வித்தியாசங்கள் சிறியவை. பெல்ட், ரேசர், கண்ணாடிப் பாட்டில் எல்லாவற்றையும் வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாத்திரை கொடுத்ததும் வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள், நாக்கின் அடியில் ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. இரவில் நர்ஸ் டார்ச்சோடு வந்து ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துவிட்டுப் போவார்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். எரிச்சலாக இருந்தது; மூன்றாம் நாள்தான் அதன் பயன் புரிந்தது. அண்ணன் சரியாக எத்தனை மணிக்குத் தூங்கினார், எதைச் சொன்னால் கொதிக்கிறார், பழைய ஆளாக எப்போது ஒரு கிண்டல் அடித்தார் என்பதெல்லாம் என் வாய்மொழியாகத்தான் டாக்டரின் கேஸ் ஷீட்டில் ஏறியது.

முதல் வேலை தூக்கம். அது வராதவரை வேறு எதுவும் நடக்காது. மனக்கொந்தளிப்பை அடக்கும் மருந்துகளில் சில, மணிக்கணக்கில் ஆளைச் சாந்தப்படுத்திவிடும். ஆனால் சாந்தமாவது வேறு, குரல் கேட்பது நிற்பது வேறு. இரண்டாவதற்கு வாரக்கணக்கு வேண்டும். மனச்சோர்வு மருந்து முழுப்பலன் தர இரண்டிலிருந்து ஆறு வாரம்வரை ஆகலாம். காய்ச்சல் மாத்திரையோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் வரும். நெல் நட்டவரிடம் கேட்டால் புரியும், மறுநாள் கதிரைத் தேடி யாரும் வரப்புக்குப் போவதில்லை. நாக்கு தடிப்பது, கை நடுங்குவது, நாள் முழுக்க அசதி என்று பக்கவிளைவுகள் வரலாம். அவற்றுக்கு அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். சொன்னால்தான் மாற்றுவார்கள்.

மின்னதிர்ச்சி சிகிச்சையைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். சினிமா அதைத் தண்டனையாகக் காட்டிக் காட்டியே கெடுத்துவைத்திருக்கிறது. இன்று மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்கிறார்கள். அவை இல்லாமல் செய்வது சட்டப்படி குற்றம். நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார். மூளையில் கட்டுப்பாட்டோடு ஒரு சிறு வலிப்பை உண்டாக்குவார்கள், அது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு முறை என்பது வழக்கம். உண்ணவே மறுத்துக் கட்டையாகிப்போனவருக்கும், சாவைத் தவிர வேறு நினைவில்லாதவருக்கும் மருந்தைவிட வேகமாகப் பலன் தருவது இதுதான். சமீபத்திய நினைவுகள் சில கலங்கிப்போகலாம், பெரும்பாலும் திரும்பிவிடும். எல்லாருக்கும் செய்வதில்லை. அண்ணனுக்குத் தேவைப்படவில்லை.

பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. ஆனால் உண்மையைச் சொன்னால், கூட்டம் நெரியும் வார்டில் அதற்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது அது ஏறவும் ஏறாது.

யார் சம்மதம் வேண்டும்?

"நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய் உள்ளே தள்ளிவிட்டால் வெளியே வரவே முடியாது" என்பது ஊரின் பெரிய பயம். 1912-ஆம் ஆண்டுச் சட்டக் காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல். அது இரண்டு வழிகளை வைத்திருக்கிறது.

முதல் வழி, தானாக வந்து சேர்வது. "எனக்கு முடியவில்லை, சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கையெழுத்துப் போடுவது. போகிறேன் என்றால் போகலாம். ஆபத்து என்று டாக்டர் நினைத்தால் மறுபரிசோதனைக்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்திவைக்கலாம், அதற்கு மேல் முடியாது.

இரண்டாவது, ஆதரவுடன் சேர்ப்பது. நோயுணர்வு மங்கி, முன்னே சொன்ன மூன்று ஆபத்துகளில் ஒன்று இருந்தால், நோயாளிக்காக ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். அவருக்குச் சட்டத்தில் நியமனப் பிரதிநிதி என்று பெயர்: நோயாளி சார்பில் பேச உரிமையுள்ளவர். நாமே யாரையாவது எழுதிவைத்திருந்தால் அவர், இல்லாவிட்டால் உறவினர். விண்ணப்பித்ததும் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், ஒருவர் மனநல மருத்துவராகவே இருக்க வேண்டும். அதிகபட்சம் 30 நாள். அதைத் தாண்டினால் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும். சேர்த்ததையே வாரியத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெண்கள் என்றால் 3 நாளுக்குள். ஒப்புக்கொள்ளாத நோயாளி வாரியத்தில் முறையிடலாம்.

மனநல மருத்துவர் இல்லாத ஊரில், நள்ளிரவில் என்ன செய்வது? பதிவு பெற்ற எந்த மருத்துவரும் உயிர் காக்கும் அவசர சிகிச்சையை 72 மணி நேரம்வரை தரலாம். மின்னதிர்ச்சி அதில் சேராது.

சொத்துக்காக அண்ணனையோ மனைவியையோ "மெண்டல்" என்று முத்திரை குத்தி அடைத்துவைக்க நினைப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு கசக்கும். கசக்கட்டும். அதே சமயம், உண்மையாகவே தவிக்கும் குடும்பத்துக்கு இது அவ்வளவு கடினமான வழியும் இல்லை. எங்களுக்கு அந்தக் காகிதமெல்லாம் முடிய ஒரு காலை நேரம்தான் ஆனது.

இன்னும் இரண்டு செய்திகள். தற்கொலைக்கு முயன்றவரைச் சேர்த்தால் போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று இதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது. உடனே கொண்டுபோங்கள். இரண்டாவது, உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறவர்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

சங்கிலி

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். வார்டு என்றதும் நம் மனதில் வரும் படத்தில் பாதி அங்கிருந்து வந்தது. ஆனால் அது மருத்துவமனையே இல்லை. டாக்டர் பார்க்காத, மருந்து கொடுக்காத கொட்டகை. அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களைத் திட்டுவது சுலபம். பக்கத்து ஊரிலேயே ஒரு நல்ல வார்டு இருந்திருந்தால் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இன்று எந்த வகையிலும் சங்கிலியிடுவதைச் சட்டம் தடை செய்கிறது. தனி அறையில் அடைத்துப் பூட்டக் கூடாது. வலுக்கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. சொந்தத் துணி உடுத்த விரும்பினால் தடுக்கக் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். முதல் இரவு அண்ணனின் கைகளைத் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டினார்கள். ஊசி வேலை செய்து அவர் தூங்கும்வரை ஏறக்குறைய நாற்பது நிமிடம். பக்கத்தில் நர்ஸ் நின்றுகொண்டே இருந்தார், பிறகு அவிழ்த்துவிட்டார். சட்டம் தெரிந்த பிறகும் அந்த நாற்பது நிமிடத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சுருக்கமாக: சேர்ப்பதற்கு நிபந்தனை உண்டு, தங்குவதற்குக் கெடு உண்டு, கட்டுவதற்கு வரம்பு உண்டு. உங்கள் ஆளைச் சேர்த்த இடத்தில் இந்த மூன்றும் இல்லையென்றால், வெளியே என்ன போர்டு மாட்டியிருந்தாலும் அது மருத்துவமனை இல்லை.

வீடு திரும்பும் நாள்

டிஸ்சார்ஜ் என்றதும் குடும்பம் பெருமூச்சு விடும். மனநலத் துறைக்காரர்கள் அப்போதுதான் கவலைப்படத் தொடங்குகிறார்கள். வார்டை விட்டு வந்த முதல் சில வாரங்கள்தான் தற்கொலை ஆபத்து மிகுந்த காலம். உடம்பில் தெம்பு வந்திருக்கும், மனச்சுமை முழுவதும் இறங்கியிருக்காது. போதாக்குறைக்கு, விட்டுவந்த கடன், சண்டை, வேலை எல்லாம் திண்ணையில் காத்திருக்கும். வெள்ளம் வடிந்த வீட்டுச் சேறு என்று சொன்னேனே, அதுதான் இது.

ஆகவே சில காரியங்கள் உண்டு. தோட்டம் உள்ள வீடென்றால் பூச்சிமருந்தைச் சாளையிலிருந்து எடுத்து, வேறொருவர் பொறுப்பில் பூட்டிவையுங்கள். தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணிவது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாமலிருப்பதே பல உயிர்களைக் காத்துவிடுகிறது. மாத்திரைப் பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும். "சாகணும்போல் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தயங்காமல் கேளுங்கள். வந்து விசாரிக்கும் உறவினர்களை வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடுவதும் நல்லது. எங்கள் அத்தை ஒருவர் பலாப்பழத்தோடு வந்து இரண்டு மணி நேரம் அழுதுவிட்டுப் போனார். அன்று இரவு அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு தேதி எழுதியிருக்கும், பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள். அந்த முதல் மறுபரிசோதனையைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். ஆள்தான் நன்றாக இருக்கிறாரே என்ற நினைப்பு ஒரு காரணம். எங்களுக்கு வந்த காரணம் வேறு. ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டியிருந்தார்கள், கம்பம் நட்டாகிவிட்டது. "கம்பம் நட்ட பிறகு ஊரைவிட்டு வெளியே போய்த் தங்கக் கூடாது, நோம்பி முடிந்து போய்க்கொள்ளலாம்" என்றார் பெரியப்பா. பெரியம்மா அவரோடு வாதாடவில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸில் அண்ணனையும் என்னையும் ஏற்றிவிட்டார். "பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள், தங்கினால்தானே குற்றம்?" மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு நாங்கள் திரும்பும்போது கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் ஒரு குடம் வாங்கிக்கொண்டு போனார்.